கையெழுத்துக்கு முன்பே கன்வேயன்சர்: மெல்பனில் முதல் வீடு வாங்குவோருக்கு

மெல்பனில் வீடு பார்க்கத் தொடங்கினால் சீக்கிரமே காதில் விழும் சொல் கன்வேயன்சர்: வீடு கைமாறும்போது சட்டக் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் உரிமம் பெற்ற ஆள். நம் ஊர்ப் பத்திர எழுத்தரை மனதில் வைத்து, 'எல்லாம் முடிந்தபின் ஓர் ஆளைப் பிடித்தால் போதும்' என்று இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன். ஒரு சனிக்கிழமை விலை பேசி, ஏஜென்ட் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை காகிதங்களைப் படித்த கன்வேயன்சர், பின்பக்க நிலத்தின் குறுக்கே கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது, அதன்மேல் அனுமதி இல்லாமல் எதுவும் கட்ட முடியாது என்றார். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் தங்க அங்கே ஓர் அறை கட்டலாம் என்று போட்ட கணக்கு அன்றோடு முடிந்தது.

மெல்பன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில், மனம் மாறினால் விலக 'கூலிங் ஆஃப்' உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. கையெழுத்திட்ட பிறகு 3 வேலை நாட்களுக்குள் விலகலாம். ஆனால் விலையில் 0.2 சதவீதமோ 100 டாலரோ, எது அதிகமோ அது போய்விடும். 7 லட்சம் டாலர் வீட்டுக்கு 1,400 டாலர். ஏலத்தில் எடுத்தால் விலகும் இந்த உரிமையே கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போன வீடு என்பதால் நான் விலகவில்லை, அது வேறு கதை.

இங்கே வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் என்று முப்பது வருடம் பின்னோக்கித் தோண்டும் வேலை இல்லை. அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். ஆகவே கன்வேயன்சரின் உழைப்பெல்லாம் இரண்டு கட்டுக் காகிதங்களில்தான்: ஒன்று ஒப்பந்தம், மற்றது சொத்தைப் பற்றி விற்பவர் கட்டாயம் தர வேண்டிய அறிக்கையான 'செக்‌ஷன் 32'. அடமானம், ஈஸ்மென்ட் (குழாய், பாதை போன்றவற்றுக்காக அந்த நிலத்தின் மீது பிறருக்கு உள்ள உரிமை), நிலத்தின் மீதான கட்டுப்பாடுகள், கவுன்சில் வரி, கடந்த 7 ஆண்டுகளில் வாங்கிய கட்டட அனுமதி எல்லாம் அதில் இருக்கும். அப்பார்ட்மென்ட் என்றால் ஓனர்ஸ் கார்ப்பரேஷன் (பொது இடங்களைப் பராமரிக்கும் உரிமையாளர் சங்கம்) கட்டணத்தையும் கேளுங்கள். கடன் கிடைக்காவிட்டால் விலகலாம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்வதும் கன்வேயன்சர்தான். கையெழுத்துப் போட்ட பிறகு எதையும் சேர்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். ஏன் சம்மதிக்கப் போகிறார்?

கன்வேயன்சர் வீட்டைப் பார்க்க வரமாட்டார். கரையான், விரிசல் பார்ப்பது கட்டட இன்ஸ்பெக்டரின் வேலை. விவாகரத்து, தகராறு என்று ஏதாவது கலந்திருந்தால் சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) போங்கள். ஏஜென்ட் கைகாட்டும் கன்வேயன்சர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் ஏஜென்டுக்குச் சம்பளம் தருபவர் விற்பவர் என்பதை மறக்க வேண்டாம். நீங்களே ஒருவரைத் தேடி, அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று மாநில அரசின் பொதுப் பதிவேட்டில் பாருங்கள். கட்டணத்தோடு பதிவேடுகளைத் தேடும் செலவுகளும் சேர்ந்த மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் வீடு பார்க்கும் முன்பே கன்வேயன்சரிடம் பேச வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து பழைய வீடுகள் வாங்க அவர்களுக்குப் பெரும்பாலும் தடை இருக்கிறது. புது வீட்டுக்கும் மத்திய அரசின் அனுமதி தேவை.

அப்புறம் நம் பெயர்ப் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, லைசென்ஸில் இனிஷியலாக, வங்கியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும். அடையாளச் சோதனையில் இதனால் வேலை நின்றுவிடும்; முதல் வாரமே கன்வேயன்சரிடம் சொல்லிவிடுங்கள். பணம் அனுப்பும் கணக்கு எண் மாறிவிட்டதாக ஈமெயில் வந்தால் ஒரு டாலர்கூட அனுப்பாமல், முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணில் கன்வேயன்சரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அது திருடன் அனுப்பியதாக இருக்கலாம்.

விற்பவர்களுக்கு ஒன்று: 2025 ஜனவரி 1 முதல் விலை எதுவானாலும், வரிக் கணக்கில் நீங்கள் வெளிநாட்டவர் அல்ல என்று காட்டும் வரித்துறையின் கிளியரன்ஸ் சான்றிதழ் வேண்டும். செட்டில்மென்ட்டுக்குள், அதாவது மீதிப் பணம் கட்டி வீடு கைமாறும் நாளுக்குள், அது கைக்கு வராவிட்டால், நீங்கள் குடிமகனாகவே இருந்தாலும் வாங்குபவர் விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டிவிடுவார். சான்றிதழ் இலவசம்தான், ஆனால் வர நாளாகலாம். வீட்டை விளம்பரப்படுத்தும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

செட்டில்மென்ட் அன்று சார்பதிவாளர் அலுவலகம், கைரேகை, போட்டோ எதுவும் கிடையாது. வங்கிகளும் கன்வேயன்சர்களும் கணினியிலேயே முடித்துவிடுவார்கள். உங்களுக்கு ஒரு போன் வரும், ஏஜென்டிடம் போய்ச் சாவி வாங்கலாம். வங்கி தாமதித்தால் செட்டில்மென்ட் மறுநாளைக்குத் தள்ளிப்போவதும் உண்டு. பால் காய்ச்ச அதே நாளில் முகூர்த்தம் குறித்துவிடாதீர்கள்.