ஏபோத்து என்ற எபிரெயச் சொல்லின் பொருளைக் கண்டறியும் முறை

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் ‘ஏபோத்து’ என்ற எபிரெயச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அதே ஒலியோடு நிற்கிறது. ஆசாரியர் அணியும் ஆடை என்று அடிக்குறிப்புகள் சொல்வதோடு நாம் நிறைவடைந்துவிட்டால், இஸ்ரவேலின் நியாயாதிபதியான கிதியோன் ஏபோத்தைச் செய்து ஊரில் வைத்தான் என்று படிக்கும்போது தடுமாறுவோம். இந்தச் சொல்லின் பொருளை ஒரே வரியில் தேடாமல், அது வரும் இடங்களை வகைப்படுத்திப் படிப்பதே நம்பத்தக்க வழி.

முதலில், ஒரு சொல் வேதாகமத்தில் வரும் இடங்களைத் தொகுத்துக் காட்டும் ஓர் ஒத்தவாக்கிய அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெயச் சொற்களுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்தும் ஸ்ட்ராங் அகராதியில் இச்சொல்லின் எண் 646. அதையொட்டி 640 என்ற எண்ணில் ‘கட்டுதல், இறுக்கி உடுத்துதல்’ என்னும் வினையும், 642 என்ற எண்ணில் ‘எபுத்தா’ என்ற பெயர்ச்சொல்லும் இருக்கின்றன. எண்ணாகமம் 34:23இல் வரும் ‘ஏபோத்து’ ஒரு மனிதனின் பெயர் என்பதால், அதை இப்போதே நீக்கிவிடலாம். ஆலெப், பே, டாலெத் என்ற மூன்று எழுத்துகளே இவற்றுக்கெல்லாம் வேர். ஆனால் வேரை அளவுக்கு மீறி நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் அந்த வினை யாத்திராகமம் 29:5இலும் லேவியராகமம் 8:7இலும் மட்டுமே வருகிறது. இரண்டு இடங்களிலும் அது ஏபோத்தைக் கட்டுவதையே குறிப்பதால், பெயரிலிருந்து வினை பிறந்திருக்கவும் கூடும்.

அடுத்து யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தைத் திறந்து, 6 முதல் 14 வரையுள்ள வசனங்களைப் படித்தபடியே ஒரு தாளில் வரைந்து பாருங்கள். இரண்டு தோள்துண்டுகள், அதே துணியோடு சேர்ந்த கச்சை, தோளுக்கு ஒன்றாக இரண்டு கோமேதகக் கற்கள், ஒவ்வொரு கல்லிலும் பிறந்த வரிசைப்படி வெட்டப்பட்ட ஆறு கோத்திரப் பெயர்கள் ஆகியவை தாளில் தெளிவாக அமையும். துணி நெய்யப்பட்ட விதத்தை 39:3 காட்டுகிறது: பொன்னைத் தகடாக அடித்து, அத்தகட்டை இழைகளாக நறுக்கி, இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு ஆகிய நூல்களோடும் மெல்லிய நூலோடும் சேர்த்து நெய்தார்கள். ஏபோத்தையும் அதன்மேல் கட்டப்படும் மார்ப்பதக்கத்தையும் ஒன்றெனக் கொள்வது பரவலான பிழை. மார்ப்பதக்கம் ஒரு சாண் சதுரமாக மடிக்கப்பட்ட தனிப் பொருள். பன்னிரண்டு கற்களும், தெய்வத்தின் விடையை அறியப் பயன்பட்ட ஊரீம் தும்மீமும் அதற்கே உரியவை. அவ்வாறே, மணிகளும் மாதளம்பழ உருவங்களும் தொங்குவது ஏபோத்தின் கீழ் அங்கியில்.

தமிழில் படிப்பவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பிரதான ஆசாரியனான ஆரோனின் ஏபோத்துக்குப் ‘பஞ்சுநூல்’ என்றும், சாமுவேலின் ஏபோத்துக்குச் ‘சணல்நூல்’ என்றும் பழைய மொழிபெயர்ப்பு கூறுகிறது. எபிரெயத்திலும் இவை ‘ஷேஷ்’, ‘பத்’ என்னும் இரு வேறு சொற்களே. எனினும் இரண்டுமே ஆளிச்செடியின் நாரால் ஆன துணியைக் குறிக்கின்றன. ஆகவே பருத்திக்கும் சணலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு விளக்கம் கட்டக்கூடாது. உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது: பொன்னும் வண்ணநூலும் கலந்த ஏபோத்து பிரதான ஆசாரியனுக்குரியது, எளிய நார்த்துணி ஏபோத்தையோ சிறுவன் சாமுவேலும், உடன்படிக்கைப் பெட்டியின் முன் நடனமாடிய தாவீதும், சவுல் அரசனின் ஆளான தோவேக்கு என்பவன் வெட்டிய 85 ஆசாரியரும் அணிந்திருந்தார்கள்.

இனி, ஏபோத்தோடு வரும் வினைச்சொல்லை ஒவ்வோர் இடத்திலும் அடிக்கோடிடுங்கள். எனக்கு மிகுந்த பயன் தந்த படி இதுவே. சாமுவேலும் தாவீதும் அதை அரையில் கட்டியிருந்தார்கள். 1 சாமுவேல் 23:9இலும் 30:7இலும் தாவீது ஆசாரியனான அபியத்தாரிடம் அதைக் கொண்டுவரச் சொல்லி, உடனே கர்த்தரிடம் கேள்வி கேட்கிறான். அங்கே ஏபோத்து தெய்வத்தின் விடையை நாடும் கருவியாக நிற்கிறது. 1 சாமுவேல் 21:9இல் கோலியாத்தின் பட்டயம் அதன் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. நியாயாதிபதிகள் 8:27இலோ கிதியோன் அதைச் செய்து தன் ஊரான ஒப்ராவில் நிறுத்துகிறான். அவனிடம் சேர்ந்த பொன் 1,700 சேக்கல். ஒரு சேக்கலைச் சுமார் 11 கிராம் என்று கொண்டால் ஏறக்குறைய 19 கிலோ. அவ்வளவு பொன்னும் அதிலே சேர்ந்திருந்தால் அதை ஒருவர் உடுத்திக்கொண்டு நடமாடுவது கடினம். ஏசாயா 30:22இல் ‘எபுத்தா’ என்பது வார்ப்புச் சிலையின் பொன்மூடியைக் குறிப்பதால், கிதியோன் செய்தது பொன்தகடு போர்த்திய ஓர் உருவமாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. அது நியாயமான ஊகமே. ஆயினும் அதை ஊகமாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய மொழிபெயர்ப்பாளர்களின் தீர்ப்பையும் ஒப்பிடுங்கள். யாத்திராகமத்தில் கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு ‘எப்போமிஸ்’ என்றும், லத்தீன் வுல்காத்தா ‘சூப்பர்ஹுமெராலே’ என்றும் கூறுகின்றன. இரண்டுமே தோளின்மேல் அமைவதைச் சுட்டுகின்றன. நியாயாதிபதிகளின் நூலில் இரண்டும் எபிரெய ஒலியையே வைத்துக்கொண்டன. 11ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி, அதன் வடிவம் பற்றிய விளக்கத்தைத் தாம் கேட்டதுமில்லை, கண்டதுமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, குதிரையேறும் உயர்குலப் பெண்கள் பின்புறமாகக் கட்டும் ஏப்ரன் போன்ற ஆடை என்று தம் உள்ளத்தில் பட்டதை எழுதினார்.

ஆகவே வேதபாட வகுப்புக்குப் படம் வரைபவர்கள் தோள்துண்டுகளையும் கச்சையையும் கற்களையும் அழுத்தமாக வரையலாம். ஏபோத்து எதுவரை தொங்கியது என்பதை யாத்திராகமம் சொல்லாததால், அதன் கீழ்விளிம்பைப் புள்ளிக்கோடாக விடுவதே முறை.