புது ஆட்டக்காரருக்கு இங்கிலாந்து பெர்மிட் கிடைக்குமா? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் பெர்மிட் என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வெளிநாட்டுத் தொழிலாளர்களால் லெவி வரி, ஃபோமிமா மருத்துவப் பரிசோதனை, வேலை பெர்மிட் புதுப்பிப்பு எல்லாம் இங்கே தினசரிப் பேச்சு. அதே ஊர்க்காரர்கள் மாமாக் கடையில் உட்கார்ந்து, ஓர் இங்கிலாந்துக் காற்பந்து கிளப் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரை வாங்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், "பெரிய கிளப்பு, காசு இருக்கு, பெர்மிட் எடுத்துடுவான்" என்று முடித்துவிடுகிறார்கள். அங்கே காசு பேசாது. எந்த லீகில், எத்தனை நிமிடம், எந்த நாட்டுக்காக என்பதுதான் பேசும். கைத்தொலைபேசியும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தால் அரை மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும்.

1. பெர்மிட் தேவையா என்று முதலில் பாருங்கள்

பிரிட்டிஷ், ஐரிஷ் கடப்பிதழ் இருந்தால் தேவையில்லை, இந்தப் பதிவும் தேவையில்லை. 2020 முடியும்வரை ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கும் தேவைப்படவில்லை. பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரி 1 முதல், பிரெஞ்சுக்காரரோ போர்த்துகீசியரோ எல்லாரும் ஒரே வரிசைதான். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 'ஜிபிஇ' (GBE, Governing Body Endorsement) என்ற ஒப்புதலைக் கொடுக்கவேண்டும், அது கிடைத்த பிறகுதான் விசா. நாம் பெர்மிட் என்று பொதுவாகச் சொல்வது இந்த ஜிபிஇயைத்தான்.

2. நாட்டு அணிக் கணக்கு

என்னை ரொம்ப நேரம் சுற்றவிட்ட இடம் இதுதான், அதனால் மெதுவாகப் போவோம்.

ஆட்டக்காரரின் நாடு ஃபிஃபா தரவரிசையில் எங்கே இருக்கிறது, கடந்த 24 மாதங்களில் அந்த நாட்டின் ஆட்டங்களில் எத்தனை விழுக்காட்டில் அவர் களமிறங்கினார், இவ்வளவுதான் கேள்வி. முதல் 10 நாடுகளுக்கு 30 விழுக்காடு, 11 முதல் 20 வரை 40, 21 முதல் 30 வரை 60, 31 முதல் 50 வரை 70. இதைத் தொட்டுவிட்டால் நேராகத் தேர்ச்சி, வேறு கணக்கே வேண்டாம். நாடு கீழே போகப்போக வாசல் குறுகுகிறது, பாருங்கள்.

பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் எந்த எண்ணை எந்த எண்ணால் வகுப்பது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். தரவரிசை 25 உள்ள ஒரு நாடு என்று வைத்துக்கொள்வோம். 24 மாதங்களில் 28 ஆட்டம், நம்ம ஆள் இறங்கியது 13. வகுத்தால் 46 விழுக்காடு, சரி, பெயில் என்று எழுதிவிடத் தோன்றும். நில்லுங்கள். அந்த 28-ல் 8 நட்புமுறை ஆட்டங்கள், அவை கணக்கிலேயே கிடையாது. உலகக் கிண்ணம், கண்டப் போட்டி, அவற்றின் தகுதிச் சுற்று, நேஷன்ஸ் லீக் போன்றவை மட்டுமே சேரும். மீதி 20. நட்புமுறையில் அவர் ஆடிய 2 ஆட்டத்தையும் கழித்தால் 11. 20-க்கு 11 என்றால் 55, இன்னும் பெயில்தான். ஆனால் இரண்டு ஆட்டத்தின்போது அவர் முட்டிக் காயத்தோடு வீட்டில் இருந்தார். காயத்துக்குச் சான்று காட்டினால் அந்த இரண்டும் கழியும். 18-க்கு 11 என்றால் 61. பாஸ்!

ஒரே ஆள், ஒரே இரண்டு வருடம், மூன்று விடை. மேசையில் சண்டை வருவதில் என்ன ஆச்சரியம்?

இன்னொன்று, இன்று காலை ஃபிஃபா பக்கத்தில் காட்டும் தரவரிசையை எடுக்காதீர்கள். அந்தக் காலம் முழுவதற்குமான ஒட்டுமொத்தத் தரவரிசைதான் செல்லும். பெஞ்சில் உட்கார்ந்தது ஆட்டமாகாது.

3. அதில் தேறாவிட்டால் புள்ளிகள்

15 புள்ளி வேண்டும். உள்ளூர் லீகில் ஆடிய நிமிடங்கள், கண்டப் போட்டி நிமிடங்கள், கிளப் முடித்த இடம், லீகின் தரம் என்று பல பக்கத்திலிருந்து புள்ளி வரும். லீக்குகளை ஆறு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் முதல் பிரிவு. போர்த்துகல், நெதர்லாந்து, பெல்ஜியம் இரண்டாவது. பட்டியலில் பெயரே இல்லாத லீக் எல்லாம் ஆறாவது. முதல் பிரிவில் வாராவாரம் ஆடுகிறவர் 15-ஐ அலட்டிக்கொள்ளாமல் தாண்டிவிடுவார், அவருக்காக உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பதே வீண். பிரிவுகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் சங்கத்தின் தளத்தில் அந்தப் பருவத்துக்கான ஆவணத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

பெரிய கிளப்புகள் ஏன் ஆளை வாங்கியதும் பெல்ஜியத்துக்கு அனுப்புகின்றன என்பதும் இங்கேதான் புரியும். மிதோமா என்ற ஆட்டக்காரரை இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் 2021-ல் ஜப்பானின் கவாசாகி ஃபிரொன்டாலேவிடமிருந்து வாங்கியது, பெர்மிட் கிடைக்காததால் பெல்ஜியத்தின் யூனியன் சாங் ஜில்வாஸுக்குக் கடனாக (இரவல் ஆட்டக்காரராக) போனார், அடுத்த பருவம் பிரீமியர் லீகில் பின்னி எடுத்தார். அதே கால்தான், லீக் மட்டும் மாறியது. எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. நைஜீரியாவின் அவோனியியை லிவர்பூல் பழைய விதிகள் இருந்த 2015-ல் எடுத்தது. பெர்மிட் இல்லாமல் வருடக்கணக்கில் கடனாகவே ஊர் சுற்றிவிட்டு, லிவர்பூலுக்காக அதிகாரப்பூர்வமாக ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2021-ல் விற்கப்பட்டார்.

4. 15 வரவில்லையா? கிளப்பைப் பாருங்கள்

2023 ஜூனிலிருந்து ஒரு கூடுதல் வழி உண்டு. இங்கிலாந்துக்கு ஆடத் தகுதியுள்ளவர்களுக்கு ஒரு கிளப் எவ்வளவு நிமிடம் கொடுக்கிறதோ, அதற்கேற்ப புள்ளி குறைந்த சில ஆட்டக்காரர்களைச் சேர்க்க இடம் கிடைக்கும். பிரீமியர் லீக், அதற்கு அடுத்த நிலையான சாம்பியன்ஷிப் கிளப்புகளுக்கு அதிகபட்சம் 4. அதற்கும் தனி நிபந்தனைகள் இருக்கின்றன, கண்டவரையும் அடைக்க முடியாது.

எதில் பார்ப்பது?

நிமிடத்துக்கும் காயப் பட்டியலுக்கும் நான் ட்ரான்ஸ்ஃபர்மார்க்ட் என்ற இணையத்தளத்தைத்தான் பார்ப்பேன். அதிலுள்ள சந்தை விலையைக் கண்டுகொள்ளாதீர்கள், பெர்மிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யூடியூபில் சிவப்பு அம்பு போட்டு "பெர்மிட் உறுதி!" என்று கத்துகிறவர்கள் ஒருவர்கூட வகுத்தல் போட்டு நான் பார்த்ததில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தம்பி, "அண்ணே, தாத்தா பிறந்த ஊரைக் காட்டினால் பெர்மிட் கிடைக்குமா?" என்று கேட்டார். 2025 செப்டம்பரில் மலேசியக் காற்பந்துச் சங்கத்தையும் ஏழு ஆட்டக்காரர்களையும், தாத்தா பாட்டி பிறந்த ஊர் பற்றிய ஆவணங்களுக்காக ஃபிஃபா தண்டித்த விவகாரத்தை மனதில் வைத்துக் கேட்கிறார். அது ஒரு நாட்டு அணிக்கு ஆடும் தகுதி பற்றியது. ஜிபிஇ கணக்கில் தாத்தாவுக்குப் புள்ளி இல்லை.

இன்னொரு பின்சேர்க்கை: மாவட்டப் பள்ளிப் போட்டியில் கோல் அடித்துத் தள்ளும் 16 வயதுப் பையனைப் பற்றி ஓர் அப்பா விசாரித்தார். இப்போதைய நிலையில் பிரிட்டிஷ் கிளப்புகள் வெளிநாட்டிலிருந்து 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பொதுவாக எடுக்க முடியாது, ஐரோப்பியப் பையன்களையும் சேர்த்து. அதனால் "இங்கிலாந்து டிரையலுக்கு அனுப்புகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்று எந்த ஏஜென்டாவது வந்தால், காசைக் கொடுக்காதீர்கள்.