சிக்லிட் மீன்களின் வாய்க்காயமும் வாய்த்தொற்றும்: மருந்தூற்றும் அவசரத்தில் நேரும் தவறுகள்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஞாயிறு மாலையில் சற்று நேரம் நின்றால், கைப்பேசியில் எடுத்த படத்தைக் கடைக்காரரிடம் நீட்டி, "ஆஸ்கார் வாயில வெள்ளையா இருக்குண்ணா, என்ன மருந்து போடலாம்?" என்று கேட்பவர் ஒருவராவது கண்ணில் படுவார். அடுத்த நொடியே நீல மருந்துப் புட்டி கைமாறிவிடும். அந்த வெள்ளை உரிந்து தொங்கும் தோலா, காயத்தின் மேல் படர்ந்த பூஞ்சையா, பாக்டீரியாத் தொற்றா என்று பார்க்காமலே மருந்தூற்றுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் போன்ற சிக்லிட் குடும்பத்து மீன்கள் எல்லா வேலையையும் வாயால் செய்பவை. குழி தோண்டுவதும், கல்லைப் புரட்டுவதும், எல்லைத் தகராறில் எதிராளியின் தாடையைக் கவ்வி இழுப்பதும் வாயால்தான். ஃபிளவர்ஹார்ன் தன் நிழலைக் கண்டே கண்ணாடியில் மோதிக்கொள்ளும். இப்படி ஏற்படும் காயத்தின் ஓரம் வெளுத்தோ சிவந்தோ இருந்தாலும், அது நாளுக்கு நாள் பரவாமலும் மீன் சுறுசுறுப்பாகவும் இருந்தால், சண்டைக்கார மீனைத் தடுப்பு வைத்துப் பிரித்து, நீரைத் தூய்மையாக வைத்திருப்பதே போதும். கிழிந்த உதட்டுத் தசை பெரும்பாலும் சில வாரங்களில் வளர்ந்துவிடும். மீனைக் கையில் பிடித்துப் புண்ணில் மஞ்சள்தூள் அப்புவதைப் பார்த்திருக்கிறேன். அன்பால் செய்வதுதான் என்றாலும், அதனால் மீனின் உடலிலுள்ள வழுவழுப்புப் படலம் உரிந்து, புதிய தொற்றுக்கு வழி திறக்கிறது.

உண்மையில் அஞ்ச வேண்டியது காலம்னாரிஸ் தொற்று. வாய்ப்பூஞ்சை என்ற பெயரில் புழங்கினாலும் இது பூஞ்சை அன்று. ஃபிளாவோபாக்டீரியம் காலம்னாரே என்னும் பாக்டீரியாவால் வருவது. பூஞ்சை பெரும்பாலும் இறந்த தசையின் மேல், நீரில் அசையும் நீண்ட பஞ்சிழைகளாக வளரும். காலம்னாரிஸோ உதட்டை ஒட்டிய சாம்பல் வெள்ளைப் படலமாகத் தொடங்கி, சில வேளை மஞ்சள் ஓரத்துடன் தசையை அரித்துக்கொண்டே செல்லும். நீல மருந்தான மெத்திலீன் புளூ பூஞ்சைக்கு ஓரளவு உதவும். இத்தொற்றுக்கு அதை நம்பக் கூடாது. அதை முதன்மைத் தொட்டியிலேயே ஊற்றினால் ஃபில்டரில் வாழ்ந்து மீன் கழிவின் அம்மோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியாக்களும் பாதிக்கப்பட்டு அம்மோனியா ஏறும். நோயோடு நஞ்சும் சேர்ந்துகொள்ளும்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஹீட்டர் வைத்துப் பழகியவர்கள் இங்கும் வெப்பத்தைக் கூட்டுகிறார்கள். காலம்னாரிஸுக்கு இது நேர்மாறான வைத்தியம். வெதுவெதுப்பான நீரில் அது வேகம் எடுக்கும். கடும் தொற்றில் மீன் ஓரிரு நாளில் இறந்துவிடும். சென்னைக் கோடையில் ஹீட்டர் இல்லாமலே தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுகிறது. எனவே ஹீட்டரை அணைத்து, மூடியைத் திறந்து வலை போட்டு, காற்றுக்குழாயைக் கூட்டுவதே சரி.

வைத்தியமாகத் தொட்டியில் உப்பிடும் விஷயத்தில் வடசென்னைக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கத்துக் கடலோர நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருக்கிறது. ஏற்கெனவே உவர்ப்பேறிய போர் தண்ணீரை, அளந்து பார்க்காமல் நல்ல தண்ணீராகக் கணக்கிட்டு உப்பிடுவது ஆபத்து. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் என்பது பொதுவான அளவு. அதைத் தனியே கரைத்து, ஒரு நாளில் பல தவணையாகச் சேர்க்க வேண்டும். தொட்டியின் கொள்ளளவைக் குத்துமதிப்பாகச் சொல்வதும் தவறு: 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி விளிம்புவரை நிறைந்தால் ஏறக்குறைய 190 லிட்டர் கொள்ளும், கற்களும் மேல் இடைவெளியும் போக அவ்வளவு இராது. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை என்பதை மறந்து, குறைந்த நீரை நிரப்பும்போதெல்லாம் மறுபடியும் உப்பிடுபவர்கள் உண்டு. அயோடின் கலந்த உப்பு மீனைக் கொல்லும் என்ற பயத்தை நான் மிகையானதாகவே கருதுகிறேன். தீங்கு செய்வது அளவுதான். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரை மாற்றும்போது குளோரின் நீக்கியைச் சேர்க்காமல் விட்டால், செவுளோடு திறந்த புண்ணும் எரியும்.

மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கிப் பிரித்துக் கொட்டுவது இன்னொரு வழக்கம். கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அம்மருந்தைப் பிடித்துக்கொள்வதால், நம் போர் தண்ணீரில் அதன் வீரியம் பெருமளவு வீணாகிறது. அரைகுறை அளவில் ஆன்டிபயாடிக் கொடுப்பது எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகளை வளர்ப்பதாகவும் முடியும். தொற்று பரவுவது உறுதியானால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டருடன் தனித் தொட்டி அமைத்து, மீன்நோய் அறிந்த கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி மருந்திடுவது நல்லது. ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையெனில் மருந்தைக் கரியே உறிஞ்சிவிடும்.

நோயே இல்லாத இடத்தில் வைத்தியம் பார்ப்பதும் நடக்கிறது. ஆப்பிரிக்க மலாவி சிக்லிட்களில் பெண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏறக்குறைய மூன்று வாரம் வாய்க்குள் வைத்துக் காக்கும். அப்போது தாடை தொங்கி, தொண்டை உப்பி, மீன் இரையைத் தொடாது. முதன்முதலில் இதைக் கண்ட நானும் கட்டி என்று நினைத்து வலையை எடுத்தேன். மிரண்ட மீன் முட்டைகளைத் துப்பிவிட, தொட்டியிலிருந்த மற்ற மீன்கள் அவற்றைத் தின்றுவிட்டன. வாய் திறந்தபடியே நிற்கும் மீனுக்கு வேறு காரணமும் இருக்கலாம்: தரைக்கல் ஒன்று வாயிலோ தொண்டையிலோ சிக்கியிருக்கும். டார்ச் விளக்கில் பார்த்துத் தெளிவாகக் கல் தெரிந்தாலன்றி இடுக்கியை நுழைக்கக் கூடாது. சிக்லிட்டுக்குத் தொண்டையில் இரண்டாவது தாடை உண்டு, அது எளிதில் சேதப்படும்.

வாய்ப்புண் உள்ள மீன் உண்ணவில்லை என்று சாக்கடையில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழுவையோ உயிர்மீனையோ போட்டு ஆசை காட்ட வேண்டாம். கிருமியும் கூடவே வரும். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் பெரும்பாலும் தாங்கும். பிறகு ஊறவைத்த சிறு குருணைத் தீவனத்தைக் கொஞ்சமாகக் கொடுத்து, மிச்சத்தை அப்போதே உறிஞ்சி எடுக்க வேண்டும். நோயுற்ற தொட்டியில் விட்ட வலையை அடுத்த தொட்டியில் விடாமல், கழுவி, மொட்டை மாடி வெயிலில் முழுவதும் உலர்த்திய பிறகே மறுபடி எடுக்க வேண்டும்.