மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்: வீட்டுத் தோட்டத்தில் பூச்சிகளைச் சமாளிக்கும் முறை

நான் முதன்முதலில் வளர்த்த மிளகாய்ச் செடியில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி வந்தபோது, கொழுந்தில் வேறு சில புழுக்களும் ஊர்ந்துகொண்டிருந்தன. கறுப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுத் திட்டு, பார்ப்பதற்குக் குட்டி முதலை மாதிரி. எல்லாம் இதுகள் செய்கிற வேலைதான் என்று முடிவு கட்டி, ஒன்று விடாமல் நசுக்கிப் போட்டேன். பத்து நாளில் தண்டே தெரியாத அளவுக்கு அசுவினி மொய்த்துவிட்டது. நான் நசுக்கியது பொறிவண்டின் புழுக்களை. அசுவினியைத் தின்னத்தான் அவை வந்திருந்தன.

அதனால் இந்தச் செய்முறையில் மருந்து கலப்பதைக் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன்.

படி 1: இலையைத் திருப்புங்கள்

வாரத்தில் இரண்டு நாள், காலையில் ஐந்து நிமிடம் போதும். இலையின் மேற்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. அடிப்பக்கம், கொழுந்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு, இந்த மூன்றும்தான் பூச்சிகளின் குடியிருப்பு. கண்ணுக்கு எட்டாவிட்டால் கைபேசி கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

கொழுந்து சுருண்டு, கீழ் இலைகள் பிசுபிசுவென்று இருந்தால் அசுவினி. இலைமேல் வெள்ளையாக உதிர்ந்து கிடப்பதைப் பலர் பூஞ்சை என்று நினைத்துவிடுகிறார்கள். அது அசுவினி உரித்துப்போட்ட தோல். பஞ்சு ஒட்டியது போல இருந்தால் மாவுப்பூச்சி. செடியைத் தட்டியதும் வெள்ளைத் தூள் மாதிரி எழுந்து பறந்தால் வெள்ளை ஈ.

இலை மங்கி, ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாக வெளுத்திருந்தால் ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசு அரை நிமிடத்தில் நகர ஆரம்பித்தால் அது செம்பேன். வெயிலும் வறட்சியும் சேர்ந்த நாட்களில் இதன் பெருக்கம் அதிகம்.

இலையில் ஓட்டை விழுந்து, கீழே கடுகு மாதிரி எச்சம் கிடந்தால் புழு. எச்சம் ஈரமாக இருந்தால் ஆள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, நேர் மேலே உள்ள இலைகளைத் தேடுங்கள். ஓட்டை இருக்கிறது, எச்சம் இல்லை, மண்ணில் மின்னும் தடம் மட்டும் என்றால் நத்தை. அதற்கு இரவில் டார்ச்சோடுதான் போக வேண்டும்.

படி 2: நம் பக்கத்து ஆட்களை அடையாளம் காணுங்கள்

பொறிவண்டுப் புழுவைச் சொல்லிவிட்டேன். வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். ஆனால் கத்தரி இலையில் மஞ்சள் நிறத்தில், உடம்பெல்லாம் முள்ளோடு ஒரு புழு இருந்து, இலை சல்லடையாகச் சுரண்டப்பட்டிருந்தால் அதை விட்டுவைக்காதீர்கள். அதுவும் பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் இலை தின்னும் வகை.

மயிரிழை போன்ற காம்பின் நுனியில் வெள்ளையாக முட்டைகள் நின்றால் அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை, அப்படியே விடுங்கள். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் பழுப்பாக, உப்பலாக, அசையாமல் இருந்தால் அவற்றுக்குள் குட்டிக் குளவி வளர்கிறது என்று பொருள். அந்தக் கிளையில் மருந்தடித்தால் குளவிக்கும் சேர்த்துத்தான் அடிக்கிறீர்கள்.

படி 3: எறும்பைத் தடுங்கள்

இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றுகின்றன. அந்த இனிப்புக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் நிற்கும். பொறிவண்டு வந்தால் விரட்டும். எறும்பு வரிசை செடியில் ஏறினால் அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள், பூச்சி அங்கே இருக்கும்.

தொட்டிச் செடி என்றால் தொட்டியைச் சின்னத் தாங்கியில் வைத்து, தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மரமென்றால் அடிமரத்தில் அகலமான டேப்பைச் சுற்றி, டேப்பின் மேல் மட்டும் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவக் கூடாது. பக்கத்துச் செடியின் கிளை உரசிக்கொண்டிருந்தால் எறும்பு அந்தப் பாலத்தில் வந்துவிடும், அதையும் வெட்டிவிடுங்கள்.

படி 4: கையும் தண்ணீரும்

அசுவினிக்கு முதல் மருந்து தண்ணீர்தான். காலையில் இலையின் அடிப்பக்கம் படுமாறு வேகமாகப் பீய்ச்சுங்கள். கீழே விழுந்தவற்றில் பெரும்பாலானவை திரும்ப ஏறாது. மூன்று நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். ஏனென்றால் அசுவினி முட்டைக்குக்கூடக் காத்திருப்பதில்லை, பெண் பூச்சி நேரடியாகக் குட்டி போடும். வெப்பமான நாட்களில் அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போட ஆரம்பித்துவிடும்.

கத்தரியில் ஒரு நுனி மட்டும் தண்ணீர் காணாதது போலத் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, பிளந்து பார்த்துப் புழுவை நசுக்குங்கள். தண்டுக்குள் இருப்பதை எந்தத் தெளிப்பும் எட்டாது.

படி 5: காய்க்கு உறை

பழ ஈயிடம் மருந்து வைத்து ஜெயிப்பது கஷ்டம். பெண் ஈ காயைக் குத்தி உள்ளே முட்டையிடுகிறது. புழு சதையைத் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே குத்துவதற்கு முன்பே மூடிவிடுங்கள். கொய்யா, மா போன்றவற்றுக்குக் காய் பழுக்கத் தொடங்கும் முன்னர் தாள் பையோ துணிப் பையோ போதும். பாகல், பீர்க்கனுக்கு இன்னும் அவசரம், பூவிதழ் உதிர்ந்த இரண்டு மூன்று நாளிலேயே உறை போட வேண்டும். பையின் வாயை இடைவெளி இல்லாமல் கட்டுங்கள்.

உதிர்ந்த பழங்களை மண்ணில் கிடக்க விடாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள்.

கவர்ச்சிப் பொறி வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். மா, கொய்யா ஈக்கான மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் பாகல், பீர்க்கன் போன்ற கொடிக்காய்களின் ஈயை இழுக்காது. அதற்கு கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும். இரண்டுமே ஆண் ஈக்களைத்தான் பிடிக்கும், எனவே பொறி இருந்தாலும் உறையை விட முடியாது.

செடியையே வலையால் மூடுகிறவர்கள் பூக்கும் காலத்தில் திறந்துவையுங்கள். தேனீ வராவிட்டால் பூசணி, வெள்ளரி வகைகள் பெரும்பாலும் காய்க்காது.

படி 6: கடைசியாகத் தெளிப்பு

5 மில்லி வேப்பெண்ணெயோடு 2 மில்லி திரவ சோப்பை முதலில் குழப்புங்கள். பால் மாதிரி வெளுத்த பிறகு 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் கலவை சரியில்லை; அப்படியே அடித்தால் இலை கருகும். துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம்.

முதலில் ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பொறுங்கள். இலை நன்றாக இருந்தால் மாலையில், வெயில் தணிந்த பிறகு, இலைகளின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வேம்பின் வேலை செய்யும் பொருள் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். பூக்கள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் எல்லாம் தீராது, 7 நாள் விட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

இலை தின்னும் புழுக்களுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. அதைத் தின்ற புழு சில மணி நேரத்தில் இரை எடுப்பதை நிறுத்தி, சில நாளில் சாகும். மறுநாள் காலையில் புழு இன்னும் உயிரோடிருக்கிறதே என்று திரும்ப அடிக்காதீர்கள். சின்னப் புழுக்களிடம்தான் நன்றாக வேலை செய்யும். அசுவினிக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

படி 7: போக வேண்டிய செடி

வெள்ளை ஈ வைரஸையும் கொண்டுவரும். வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாக ஓடினாலோ, தக்காளி இலை கிண்ணம் போல மேல்நோக்கிச் சுருண்டு செடி குட்டையாகிப்போனாலோ எந்த மருந்தாலும் மீட்க முடியாது. மனசு வராது, தெரியும். ஆனால் சும்மா பிடுங்கினால் அதிலுள்ள ஈக்களெல்லாம் பக்கத்துச் செடிக்குப் பறந்துவிடும். அதிகாலையில், அவை மந்தமாக இருக்கும்போது, செடியின் மேல் ஒரு பெரிய பையை மெதுவாகக் கவிழ்த்து, அடியில் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்புறம் வேரோடு இழுங்கள்.