போகிக்கு முன் ஒரு பரண் சோதனை: பழைய கிரிக்கெட் அட்டைகளும் டிக்கெட்டுகளும் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

மார்கழி கடைசி வாரம் வந்தால் எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். ஊரெல்லாம் பரணைக் காலி செய்துகொண்டிருக்கும். கிழிந்த பாய், உடைந்த முறத்தோடு 1987 உலகக் கோப்பை டிக்கெட்டின் பாதியும், பபிள்கம்முடன் வந்த கிரிக்கெட் படங்கள் நிறைந்த பிஸ்கட் டப்பாவும் போகித் தீயில் போய்ச் சேரும். "குப்பைதானே" என்பார்கள். குப்பைதான். எல்லோரும் அப்படி நினைத்துத் தூக்கிப் போட்டதால்தான் இன்று தேடினால் கிடைப்பதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளில் ஒரு பகுதி விற்காமல் தேங்கிவிட்டது. 1960இல் அவற்றைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த அட்டைகளை உருவாக்கிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அதே 1952 வெளியீட்டில் வந்த, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அவர்களுக்கு அட்லாண்டிக், நமக்குப் போகி. ஆனால் அந்தத் தொகையைப் படித்துவிட்டு இதில் இறங்குபவர்கள் ஆறு மாதத்தில் சலித்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். பணம் பண்ண வேறு வழிகள் இருக்கின்றன. பழைய காகிதத்தைக் கையில் எடுத்தால் மனம் கொஞ்சம் துள்ளுகிறதா? அப்படியென்றால் மேலே படியுங்கள்.

முதல் படி: ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"கிரிக்கெட் சம்பந்தப்பட்ட எல்லாம் சேர்க்கிறேன்" என்று தொடங்கினால் வீடு பழைய பேப்பர் கடையாகிவிடும். சிறிய எல்லை ஒன்று வேண்டும்.

சிகரெட் அட்டைகள் ஒரு நல்ல தொடக்கம். சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு விறைப்பான அட்டை வைத்தார்கள். பிறகு அதில் படம் அச்சடித்தால் வியாபாரம் பெருகும் என்று கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1896இல் 50 கிரிக்கெட் வீரர்களின் வரிசையை வெளியிட்டது. நம் ரஞ்சித்சிங்ஜியும் இத்தகைய அட்டைகளில் இடம்பெற்றவர். 1940இல் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு வந்து பிரிட்டனில் இந்த வழக்கம் நின்றது. பழையது என்றாலே விலை உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பிராட்மன் இடம்பெற்ற, ஜான் பிளேயர் நிறுவனத்தின் 1938ஆம் ஆண்டு வரிசை போன்றவை ஏராளமாக அச்சிடப்பட்டவை. அதனால் சாதாரண அட்டைகள் இன்றும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில்தான் கிடைக்கின்றன.

உங்களுக்கு இப்போது நாற்பது, நாற்பத்தைந்து வயது என்றால் 'பிக் ஃபன்' பபிள்கம் படங்களை விளக்கத் தேவையில்லை. வீரரின் படத்தோடு ரன், விக்கெட் கணக்கு இருக்கும். குறிப்பிட்ட கணக்குச் சேர்ந்தால் கடையில் கொடுத்துப் பரிசு வாங்கலாம். பரிசு வாங்கியவர்களின் படங்கள் கடையோடு போயின. சட்டைப் பையில் கிடந்து சலவையில் கரைந்தவை போக மிஞ்சியவற்றைத்தான் நாம் தேடுகிறோம். இவற்றில் முனை மழுங்காத ஒன்றைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகமே முதலில் வருகிறது.

தபால்தலை வேண்டுமென்றால் இன்னும் எளிது. 1971இல் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் இந்தியா தொடரை வென்றதைக் கொண்டாடி வந்த 20 பைசா தபால்தலையில் தொடங்கலாம்.

என் மூலை டிக்கெட். அதிலும் சென்னையில் நடந்த ஆட்டங்கள் மட்டும். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சேப்பாக்கத்தில். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடனான டெஸ்ட் இரு அணிகளின் ரன்னும் சமமாகி 'டை'யில் முடிந்ததும் அங்கேதான். கடைசி நாள் ஆட்டத்தை நேரில் பார்த்ததாகச் சொல்பவர்களை எல்லாம் உட்கார வைக்க மெரினா முழுவதும் போதாது. டிக்கெட்டைக் காட்டுங்கள் என்றால்தான் பேச்சு மாறும்.

இரண்டாம் படி: கடைக்கு முன் சொந்தக்காரர் வீடு

முதல் பத்துப் பொருள்களைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பெரியப்பா வீட்டுப் பரண், மாமாவின் கல்லூரிக் காலத்து டிரங்குப் பெட்டி, பழைய டைரிகளின் நடுப்பக்கம், சாமி படச் சட்டத்தின் பின்பக்கம் என்று தேடுங்கள். கேட்கும்போது "பழைய டிக்கெட் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "மாமா, நீங்கள் முதன்முதலில் மைதானத்துக்குப் போன ஆட்டம் எது?" என்று கேளுங்கள். முக்கால் மணி நேரக் கதைக்குப் பிறகு அவரே எழுந்து போய் எதையாவது எடுத்து வருவார்.

அடுத்து பழைய பேப்பர் கடை. என் பகுதியில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். "அண்ணாச்சி, விளையாட்டுப் பத்திரிகை கட்டாக வந்தால் பிரிக்காமல் வையுங்கள், எடைக்கு மேலே சேர்த்துத் தருகிறேன்" என்று ஒருமுறை சொன்னேன். போகி வாரத்தில் அவர் கடைதான் எனக்குக் கோயில். கட்டாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1978இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ்டார்' போன்ற பத்திரிகைகளின் இடையில்தான் பழைய வாசகர்கள் டிக்கெட்டையும் கையெழுத்து வாங்கிய தாளையும் செருகி வைத்திருப்பார்கள். இதழை உதறிப் பார்க்காமல் எதையும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால், விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், அதே பொருள் கடைசியாக எவ்வளவுக்கு விற்றது என்று பாருங்கள். முன்பக்கம், பின்பக்கம், நான்கு முனைகளுக்கும் தெளிவான படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: காகிதத்திடம் வயதைக் கேளுங்கள்

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆண்டு அச்சிடப்படாத டிக்கெட்டோ, விளம்பரத் தாளோ கிடைத்தால் கைவிட வேண்டாம். அது தன் வயதை வேறு இடத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்.

விலையைப் பாருங்கள். அணாவில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது; அந்த மாதத்தில்தான் தசம நாணயம் வந்தது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. அதன்பின் 'நயா' உதிர்ந்து வெறும் பைசா ஆனது. முகவரியைப் பாருங்கள். 'மெட்ராஸ்-5' என்று ஓரிலக்கத்தோடு நின்றால் பழையது. '600 005' என்று ஆறு இலக்கம் இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அச்சானது, பின்கோடு அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பழைய லெட்டர்பேடு தீரும்வரை பயன்படுத்தும் வழக்கம் நமக்கு உண்டு என்பதால், ஓரிலக்கத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிடக் கூடாது. ஆறு இலக்கமோ பொய் சொல்லாது.

ஊர்ப் பெயரும் சாட்சி சொல்லும். மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது 1996இல். 1987 அக்டோபர் 9 அன்று ஆஸ்திரேலியா ஒரே ஒரு ரன்னில் இந்தியாவை வென்ற உலகக் கோப்பை ஆட்டத்தின் டிக்கெட் என்று ஒருவர் நீட்டுகிறார், அதில் ஆங்கிலத்தில் 'சென்னை' என்று அச்சிட்டிருக்கிறது என்றால், அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

இதைவிட நுட்பமான ஒரு பொறி மைதானத்தில் இருக்கிறது. சென்னை என்றால் சேப்பாக்கம் என்றே நமக்குப் பதிந்துவிட்டது. ஆனால் 1956 முதல் 1965 வரை இங்கே நடந்த டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே உள்ள கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது இன்றைய நேரு ஸ்டேடியத்தில் நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அந்த ஆட்டத்தின் டிக்கெட் என்று சேப்பாக்கம் பெயரோடு எது வந்தாலும் போலி. போலி செய்பவர்கள் ஸ்கோரைச் சரிபார்க்கிறார்கள், மைதானத்தைச் சரிபார்ப்பதில்லை.

நான்காம் படி: நகைக்கடைக் கண்ணாடியும் ஊதா விளக்கும்

கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்களும் நகை மதிப்பிடுபவர்களும் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்குங்கள். அட்டையில் உள்ள எழுத்துகளை அதில் பாருங்கள். மூல அச்சில் எழுத்து பெரும்பாலும் ஒரே மையில், விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். பழைய அட்டையைப் படமெடுத்து மறுபடி அச்சடித்தால் எழுத்தும்கூடப் பல வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு கண் தானாகவே கண்டுபிடிக்கும்.

ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கு இரண்டாவது கருவி. வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் காகிதத்தில் பரவலாகச் சேர்க்கப்பட்டது 1950 வாக்கிலிருந்துதான். 1930களின் அட்டை என்று சொல்லப்படுவது இருட்டில் அந்த விளக்கின் கீழ் சலவை வேட்டி போல நீலமாக ஒளிர்ந்தால் கதை முடிந்தது. ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, பழைய தாளில் அச்சடிக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

மட்டை, பந்து மீதான கையெழுத்துகளைத் தொடக்கக்காரர் தொடவே வேண்டாம். அது தனி உலகம், தனி ஏமாற்று.

ஐந்தாம் படி: ராமபாணமும் லேமினேஷனும்

எனக்குப் பதினான்கு வயதில் ஒரு நீளமான நோட்டு இருந்தது. பத்திரிகையிலிருந்து வெட்டிய படங்களை மைதா பசை காய்ச்சி ஒட்டியிருந்தேன். விடுதிக்குப் போய் இரண்டு ஆண்டு கழித்துத் திறந்தால் கவாஸ்கருக்குக் கால் இல்லை, கபில்தேவுக்கு முகம் இல்லை. ராமபாணப் பூச்சிக்கு மைதா பசை என்றால் கல்யாணச் சாப்பாடு. பசை, செலோடேப் எதுவும் பழைய காகிதத்தின் மேல் படக் கூடாது. செலோடேப் சில ஆண்டுகளில் பழுத்து, எடுக்க முடியாத பழுப்புக் கறையை விட்டுப் போகும்.

லேமினேஷன் மீது நம்மவர்களுக்கு ஓர் அபார நம்பிக்கை. ரேஷன் கார்டிலிருந்து தாத்தா படம் வரை சூடான பிளாஸ்டிக்கில் அடைத்துவிட்டுத்தான் நிம்மதி அடைவார்கள். பழைய டிக்கெட்டை லேமினேட் செய்வது அதைப் பாதுகாப்பதல்ல, புதைப்பது. சூடும் பசையும் காகிதத்துக்குள் ஏறிவிடும். திரும்ப எடுக்க வழியில்லை.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொன்றையும் பாலிபுரொப்பிலீன் உறையில் தனித்தனியாக இடுங்கள். பிவிசி உறை வேண்டாம். வெயில் நாட்களில் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். பழைய சிகரெட் அட்டை சுமார் 36க்கு 67 மில்லிமீட்டர், இக்கால விளையாட்டு அட்டை இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். உறை வாங்கும் முன் அளவெடுத்துக்கொள்ளுங்கள். 1930களின் பிற்பகுதியில் வந்த சில அட்டைகளுக்குப் பின்புறம் ஆல்பத்தில் ஒட்டுவதற்காகப் பசை தடவியிருப்பார்கள். இங்கிலாந்துக் குளிருக்கு அது சரி. சென்னையின் ஐப்பசி மழையில் இரண்டு அட்டையை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை பிரியவே பிரியாது.

உறைகளை மூடி இறுகும் டப்பாவில் நிற்க வைத்து, நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். லேசாகச் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். டப்பாவைப் பரணில் வைக்காதீர்கள், ஓட்டுச் சூடு அங்கேதான் இறங்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். அந்துருண்டை போடும் ஆசையை அடக்குங்கள். சில பிளாஸ்டிக்குகளை அது இளக்கிவிடும். ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்த மரபு நமக்கு உண்டு. அதைப் பின்பற்ற ஆசையென்றால் நன்றாகக் காய்ந்த வசம்பைத் துணியில் முடிந்து, காகிதத்தில் படாமல் ஒரு மூலையில் வையுங்கள்.

பூச்சி அரித்த கட்டு கைக்கு வந்தால் உடனே மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். காற்றுப் புகாத பையில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் காகிதம் வியர்க்கும். என் வீட்டு ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஸ்கோர் அட்டைக் கட்டு தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து வீட்டில் எழுந்த கேள்விகளை இங்கே எழுதுவதற்கில்லை.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒரே வரி: செய்யாதீர்கள்.

ஆறாம் படி: ஒரு குறிப்பேடு

பொருளில் எண் எழுதாதீர்கள். உறையில் ஒரு சிறு சீட்டுப் போட்டு அதில் எண் இடுங்கள். குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேரே, யாரிடமிருந்து, எந்தத் தேதியில், என்ன கொடுத்து வாங்கினீர்கள், அவர் சொன்ன கதை என்ன என்று எழுதுங்கள். கதையை அன்றே எழுதுங்கள். ஒரு வாரம் போனால் நம் கற்பனையும் கலந்துவிடும். அதைச் சரிபார்த்து முடிவையும் பக்கத்தில் எழுதுங்கள்.

என் 23ஆம் எண் ஒரு பாதி டிக்கெட். பின்புறம் பென்சிலில் யாரோ "தயிர் சாதம் 2, தண்ணீர், தொப்பி" என்று எழுதியிருக்கிறார்கள். தேதி கிழிந்துபோன பாதியில் போய்விட்டது. விலை ரூபாய்க் கணக்கில், பைசா இல்லை. முகவரியில் ஆறு இலக்கம். ஊர்ப் பெயர் மெட்ராஸ். ஆகவே 1972க்கும் 1996க்கும் நடுவில் ஏதோ ஓர் ஆட்டம். அதற்குமேல் சுருக்க, சேப்பாக்கம் மைதானத்தின் பட்டாபிராமன் கேட் பக்கம் அந்தக் காலத்தில் டிக்கெட் எடுத்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். குறிப்பேட்டில் அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது.