வாந்திக்கு எல்லாம் ஒரே மாத்திரையா? நம்ம வேலூர் பக்கம் நடக்கற தப்புங்க

ஏலகிரி போறவங்க கடையில 'வாந்தி மாத்திர ஒண்ணு குடுபா'ன்னு வாங்கி பாக்கெட்ல போட்டுக்கினு, பாதி வளைவு தாண்டி வாய்ல எச்சில் ஊற ஆரம்பிச்ச அப்புறம் அவசரமா முழுங்குவாங்க பாருங்க, அதுலயே ரெண்டு தப்பு இருக்குது. ஒண்ணு நேரம். குமட்டல் வந்துட்டா வயிறு வேலையை நிறுத்திடும், மாத்திரை அங்கயே கெடந்து அடுத்த வளைவுல வெளிய வந்துடும். இன்னொண்ணு, அது எந்த மாத்திரைன்னே பாக்கறதில்ல.

வாந்தி எடுக்கணும்னு முடிவு பண்றது மூளையோட அடிப்பக்கம்தான், ஆனா அங்க சேதி போற வழி பலது. பஸ் வாந்தி காதுக்குள்ள பேலன்ஸ் பாக்கற உறுப்புலேர்ந்து கெளம்புது. வயித்துப்போக்கோட வர்றது குடல்லேர்ந்து. செரடோனின்னு சேதி கடத்தற ஒரு ரசாயனம், நம்ம உடம்புல இருக்கற அதுல சுமார் 90 சதவீதம் குடல்லதான் இருக்குது, புள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு குடுக்கற ரோட்டா வைரஸ் உள்ள பூந்ததும் செரடோனின் கொட்டி நரம்பு வழியா மூளைக்கு சேதி போகுதுன்னு 2011ல ஸ்வீடன்காரங்க காட்டினாங்க. கேன்சருக்கு கீமோ மருந்து ஏத்தும்போதும் இதே கதைதான், அதனாலதான் அமெரிக்காவுல 1991ல அனுமதி கெடச்ச, செரடோனின் சேதிய தடுக்கற ஆன்டான்செட்ரான் மருந்து கேன்சர் வார்டையே மாத்திப்போட்டுச்சு. ஆனா அது பஸ் வாந்திக்கு பெருசா கேக்காது. அதுக்கு அவோமின் மாதிரி மாத்திரைய ஏறறதுக்கு ஒரு மணி ரெண்டு மணி முன்னாடியே போடணும், தூக்கம் வரும், அன்னைக்கு வண்டி ஓட்டாதீங்க.

பெரியவங்களுக்கு எழுதிக்குடுத்து மீந்துபோன மாத்திரைய ஒடச்சி புள்ளைக்கு குடுக்கறது இன்னும் மோசம். மெட்டோகுளோப்ரமைடுன்னு ஒரு வாந்தி மாத்திரை, அது போட்டா சில புள்ளைங்களுக்கு கழுத்த ஒரு பக்கம் இழுத்துக்கும், கண்ணு மேல சொருகிக்கும். பாத்தவங்க இன்னா பண்ணுவாங்க, காத்து கருப்பு அடிச்சிடுச்சுன்னு மந்திரிக்க தூக்கினு ஓடுவாங்க. அது மருந்தோட வேலை, ஆஸ்பத்திரியில மாத்து ஊசி போட்டா கொஞ்ச நேரத்துல சரியாயிடும்.

எனக்கு ரொம்ப கடுப்பாகறது இதுதான், புள்ள வாந்தி எடுக்குதுன்னு தண்ணியையே நிறுத்திடறது. 'குடுத்தா திரும்ப எடுக்குதே'ம்பாங்க. டம்ளரோட குடுத்தா எடுக்கத்தான் செய்யும், பத்து நிமிஷம் விட்டுட்டு ஸ்பூன்ல ஒவ்வொரு வாயா குடுங்க, தாய்ப்பாலையும் நிறுத்தாதீங்க. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கணும், ஒரு டம்ளர்ல பாதிய கொட்டி கலக்கினா உப்பு ஏறி புள்ளைக்கு கெடுதல். 1971ல வங்காளத்துல அகதி முகாம்ல காலரா பரவினப்ப டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்பு சக்கரை தண்ணிய வச்சித்தான் எத்தனையோ பேர காப்பாத்தினாரு, நாம என்னடான்னா சோடாவும் கலர் ஜூஸும் வாங்கி குடுத்துக்கினு இருக்கோம். ரோட்டா வைரஸ தடுக்கற ரோட்டாவாக் சொட்டு மருந்த பெரிய அளவுல சோதிச்ச மூணு ஊர்ல டெல்லி, புனேவோட நம்ம வேலூரும் ஒண்ணு, போலியோ சொட்டு போட்டாச்சே இது எதுக்குன்னு விட்டுடாதீங்க.

குடலேத்தம் தட்றது, தொக்கம் எடுக்கறதுன்னு வாந்திக்கு நாட்டு வைத்தியம் பண்றாங்களே, ரெண்டும் வேணவே வேணாம். கொழந்தை தொண்டைக்குள்ள வெரல விட்டா காயம்தான் ஆகும்.

மசக்கை வாந்திய 'மனசுதான் காரணம், அடம் புடிக்கறா'ன்னு சொல்ற மாமியாருங்க கொஞ்சம் கேளுங்க. நஞ்சுக்கொடியிலேர்ந்து வர ஜிடிஎஃப்15னு ஒரு ஹார்மோன்தான் பெரிய காரணம்னு 2023 டிசம்பர்ல ஆராய்ச்சி வந்துச்சு, கர்ப்பத்துக்கு முன்னாடி அது உடம்புல கம்மியா இருந்தவங்களுக்குத்தான் அதிகமா படுத்துதாம். அதுல முக்கியமான ஆளு மார்லினா ஃபெஜ்ஸோ, அவங்களே இந்த வாந்தியால ஒரு கொழந்தைய இழந்தவங்க. ஒரு வாய் தண்ணி கூட நிக்கலைன்னா திட்டாம ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க.

மண்ணெண்ணெய் குடிச்ச புள்ளைக்கு உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும். கைக்கொழந்தை பச்சையா வாந்தி எடுத்தாலோ, ஆறு எட்டு மணி நேரமா ஒண்ணுக்கே போகலைன்னாலோ, சுகர் இருக்கற பெரியவங்களுக்கு வேர்த்துக்கொட்டி குமட்டினாலோ 'கேஸ்தான்'னு வீட்ல உக்காராம ராத்திரியா இருந்தாலும் உடனே கெளம்புங்க.