கிராபீன் ஓஎஸ் போனில் கேமரா இழுக்கிறதா?

கிராபீன் ஓஎஸ் என்பது ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டு, பாதுகாப்புக்கும் தனியுரிமைக்கும் முக்கியத்துவம் தரும் போன் இயங்குதளம். இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் எந்த போனும் ஃபோகஸ் கிடைக்காமல் தடுமாறும், அப்போது திரையில் தேயிலைக் கொழுந்துக் கூடையின் விளிம்பு மாதிரி தெளிவாகத் தெரியும் இடத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள். ஆனால் பொத்தானை அழுத்தி வெகுநேரம் கழித்துத்தான் படம் விழுகிறதென்றால் கோளாறு வேறு.

முதலில் ஓஎஸ்ஸோடு வரும் கேமரா செயலியின் அமைப்புகளில் தரத்தை விட்டு வேகத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். இரவு முறையில் பல பிரேம்களைச் சேர்த்து ஒரே படமாக்குவதால் தாமதம் இயல்பு, கையை மட்டும் அசைக்காதீர்கள். பேட்டரி சேமிப்பு போட்டிருந்தால் நிறுத்திப் பாருங்கள்.

அப்புறமும் சரிவரவில்லையா? கூகுளின் பிக்சல் கேமரா செயலியையே நிறுவலாம், வெளிச்சமும் நிழலும் தெளிவாகத் தெரியப் பல பிரேம்களைச் சேர்க்கும் எச்டிஆர் பிளஸ் வசதி அதில் நன்றாக இருக்கும். பலர் கூகுள் செயலி என்று பயப்படுகிறார்கள், நிறுவும்போதே இணைய அனுமதியை மறுத்துவிடுங்கள், படம் எடுக்க இணையம் தேவையே இல்லை, ஒவ்வொரு செயலிக்கும் இப்படித் தனித்தனியாகப் பூட்டுப் போட முடிவதால்தான் இந்த ஓஎஸ்ஸை நான் விடுவதில்லை.

வேறு கேமரா செயலி ஏதாவது திறந்ததும் மூடிக்கொண்டால், செயலித் தகவல் பக்கத்தில் பாதுகாப்பைத் தளர்த்தும் இணக்க முறையை அந்தச் செயலிக்கு மட்டும் போடுங்கள்.